ஷாரோம் பேரில் இருந்த கார்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலாபிலா வட்டாரத்தில் நிலமும் வீடும் பெண்கள் பேரில்தான் இருக்கும். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நடுநடுவே ஆண்பிள்ளைகள் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்து, கூரைத் தகரம் மாற்றி, வேலிக்குச் சாயம் அடித்து, காலம் முடிந்ததும் அமைதியாகப் போய்ச் சேருவார்கள். இந்த ஏற்பாட்டை ஷாரோமைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்து அந்தப் பெயர் மாற்றங்களையெல்லாம் பதிந்தவர் அவர்தான். மாமியார் காலமானபோது, தான் குடியிருந்த வீட்டையும் அதன் பின்னாலிருந்த டுரியான் பழத் தோட்டத்தையும் மனைவி சபாரியாவின் பேருக்கு மாற்றி, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்ததும் அவரேதான்.

வலப்பக்க வீடு சபாரியாவின் அக்கா காக் லோங்குடையது; காக் என்றால் மலாயில் அக்கா. இடப்பக்க வீடு தங்கையுடையது. கோழிகள் மூன்று சகோதரிகளுக்கும் பொது. ஷாரோமின் பேரில் அந்த வளாகத்தில் இருந்தவை அடையாள அட்டையும் மூக்குக்கண்ணாடியும்.

ஆகவே ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தபோது அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. கார் வாங்கினார். ஊரில் எல்லோரும் ஓட்டுகிற உள்நாட்டுச் சிறு கார் அல்ல, ஐரோப்பியக் கார். இரண்டே வயதான, முத்து வெள்ளை நிறத்தில், கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகம் சாத்துவது போல் சத்தம் கேட்கிற வண்டி. கம்பெனி வாரண்டி இன்னும் மூன்று வருஷம் பாக்கி. பத்திரத்தில் உரிமையாளர் பெயர் இருந்த கட்டத்தை அவர் வீட்டுக்குள் வந்து மூன்று முறை படித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் பெயர்தான் இருந்தது.

கார் வந்த பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் அவருக்குப் பேராசிரியர் அந்தஸ்து வந்தது. யார் என்ன கார் வாங்கலாம், எந்த எண்ணெய் ஊற்றலாம், எந்த டயர் மழையில் வழுக்கும் என்பதெல்லாம் தினமும் காலை ஒன்பது மணிக்கு அங்கே தீர்மானமாயின. பட்டறைக்காரர்கள் மீது அவருக்கு இருந்த கருத்து கடுமையானது. ஊரிலிருந்த மூன்று பேரில் ஒருவன் பழைய பாகத்தைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிறவன்; இன்னொருவன் கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டே எஞ்சினைப் பிரிக்கிறவன்; மூன்றாமவன் சைக்கிளுக்கே லாயக்கு. சிரம்பானிலிருந்த கம்பெனி சர்வீஸ் சென்டரோ குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, மிட்டாய் கொடுத்து, பர்ஸை உருவுகிற இடம். வருஷத்துக்கு ஒருமுறை வாரண்டிக்காக அங்கே போகத்தான் வேண்டியிருந்தது. போனால் மிட்டாயைத் தொடமாட்டார். எண்ணெய் மாற்றி முடிக்கும்வரை கண்ணாடிச் சுவருக்கு இப்பால் கைகட்டி நின்று, உள்ளே வேலை செய்கிறவர்களை முறைத்துக்கொண்டே இருப்பார்.

வாரண்டி பிப்ரவரி கடைசியில் முடிகிறது. ஜனவரி பதினோராம் தேதி, டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்கிற படம். குறிப்புப் புத்தகத்தில் அந்தப் படத்துக்கு நேரே, வண்டியை உடனே நிறுத்தி சர்வீஸ் சென்டரை அழைக்கவும் என்று எழுதியிருந்தது. ஷாரோம் அதைப் படித்துச் சிரித்தார். கம்பெனியே அச்சடித்த புத்தகத்தில் கம்பெனிக்கு வா என்றுதானே எழுதியிருப்பான்! அவர் வேறு யாரையும் கலந்துகொள்ளாமல் தானே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஐரோப்பாவின் குளிருக்குச் செய்த சென்சார் அது. நெகிரி செம்பிலான் வெயிலைக் கண்டு மிரள்கிறது. சென்சார் மிரண்டால் எஞ்சின் என்ன செய்யும்? அன்று மதியமே கறுப்பு ஒட்டுநாடாவில் சின்னத் துண்டு ஒன்றை அளவாக வெட்டி விளக்கின்மேல் ஒட்டினார். விளக்கு அணைந்துவிட்டது. இந்தச் சிகிச்சைக்கு சிரம்பானில் குறைந்தது நானூறு ரிங்கிட் கறந்திருப்பார்கள் என்று மறுநாள் காப்பிக்கடையில் சொன்னார்.

ஆனாலும் எச்சரிக்கையானவர் என்பதால் காலைத் தொழுகை முடிந்ததும் பானெட்டைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்ப்பார். குளிர்விக்கும் நீர் இருக்கிற பிளாஸ்டிக் குடுவையில் கொஞ்சம் குறைந்திருக்கும். குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றுவார். முதலில் வாரத்துக்கு அரை பாட்டில். அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்று. பிப்ரவரி பிறந்தபோது நாளைக்கு ஒன்று. கோழிக்குத் தீனி போட வந்த சபாரியா ஒருநாள் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டாள். வைப்பருக்குத் தண்ணீர் என்றார். மழையே பெய்யாத மாதத்தில் அந்த வைப்பர் அப்படிக் குடித்தது.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் பஹாவ் போகும் வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ரப்பர் தோட்டத்து ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, முக்கால் மணிநேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தாமதத்துக்குக் காரணம் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்த்தது என்று வீட்டில் சொன்னார். எந்தச் சிநேகிதன் என்று சபாரியா கேட்டதற்கு அவர் சொன்ன பெயர்க்காரன் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மனதில் மட்டும் போட்டுவைத்தாள்.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி வாரண்டி முடிந்தது. அன்று காப்பிக்கடையில் நாலு பேருக்குத் தன் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தார் ஷாரோம். இனி அந்தக் கண்ணாடி அறைக் கொள்ளையர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதற்காக.

மார்ச் பத்தொன்பது, சனிக்கிழமை. காக் லோங்கின் மகனுக்கு சிரம்பானில் பெண் கேட்டுப் போகிற நாள். நாலு கார். முன்னால் போகிற கார் ஷாரோமுடையது. வேறு எதுவாக இருக்க முடியும்? மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளரும் அவரே. பெண் வீட்டார் வாசலில் நின்று நயமாக நாலு வரி சொல்ல, பதிலுக்கு இவர் நாலு வரி சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை நடந்திருந்தது. சபாரியாவின் கைப்பையில் பெண் கேட்கும் மோதிரமும் நிச்சய மோதிரமும் இருந்தன. பின்னிருக்கையில் காக் லோங்கும் தங்கையும், அவர்கள் மடியில் மஞ்சள் சோற்றுத் தட்டும் வெற்றிலைப் பெட்டியும்.

புக்கிட் பூத்துஸ் மலையேற்றத்தில் பாதி ஏறியபோது கார் மெதுவானது. ஏசியிலிருந்து அனல் காற்று வந்தது. காக் லோங் விசிறியை எடுத்துக்கொண்டு, இதுதான் ஐரோப்பா ஏசியா என்று விசாரித்தாள். அடுத்த வளைவில் பானெட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகை கிளம்பியது. ஷாரோம் அது வெறும் ஆவி என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே உள்ளே இரும்புக் கரண்டியை யாரோ அரைக்கும் கல்லில் போட்டது போல ஒரு சத்தம். அதோடு சரி. கார் தன் எடையை உணர்ந்து நின்றுவிட்டது.

பின்னால் வந்த மூன்று கார்களும் நின்றன. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை, பெண் வீட்டில் பதினொரு மணிக்குச் சொல்லியிருந்தது. சகோதரிகள் மூவரும் இறங்கி, தட்டுகளை எடுத்து, மற்ற கார்களில் ஆட்களை நெருக்கி, ஐந்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும் என்றால், ஷாரோமைத் தவிர. ஒரு ஆள் இடம் குறைந்தது. மஞ்சள் சோறா ஷாரோமா என்று வந்தபோது காக் லோங் சோற்றைத் தேர்ந்தெடுத்தாள். காருக்குத் துணையாக ஒருவர் இருப்பது நல்லதுதான் என்று சபாரியாவும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பேச்சாளர் யார்? தங்கையின் கணவன் வாஹிட். லாரி ஓட்டுகிறவன், வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். ஷாரோம் காரின் பக்கத்தில் நின்று, தன் சட்டைப்பையிலிருந்த தாளை ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினார். அவன் மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். பிறகு தெரிந்தது, அவன் தாளைப் பிரிக்கவே இல்லை என்று. பெண் வீட்டுக் கிழவர் நாலு வரி நயமாகச் சொன்னதற்கு, எங்கள் பையன் நல்லவன், உங்கள் பெண்ணை அவனுக்குப் பிடித்திருக்கிறது, மோதிரம் இதோ என்று மூன்றே வரியில் முடித்துவிட்டான். எல்லோரும் சிரித்து, உடனே ஒத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு சுருக்கமாக முடிந்த நிச்சயம் அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் என்று இன்றைக்கும் பேச்சு.

மலையில் ஷாரோம் ஒன்றரை மணிநேரம் நின்றார். போகிற வருகிற வண்டிகளில் பாதி தெரிந்த முகம். எல்லோரும் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, கை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவரும் இயற்கைக் காட்சி பார்க்க நின்றவர் போலக் கை ஆட்டினார்.

இழுவை லாரி வந்தபோது புதிய சிக்கல். எங்கே கொண்டுபோவது? கோலாபிலாவில் மூன்று பட்டறையிலும் அவர் சொன்ன வார்த்தைகள் அவருக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருந்தன. சர்வீஸ் சென்டரின் வாசலையோ இனி மிதிப்பதில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் தேநீர் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. கோலாபிலாக்காரர் யாரும் போகாத பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று லாரிக்காரனிடம் கேட்டார். லாரிக்காரன் கண்ணாடியில் அவரை உற்றுப் பார்த்தான்.

"நீங்க பஸ் ஸ்டாண்டு காப்பிக்கடை ஷாரோம் பாங் தானே?"

அண்ணனையும் கணவனையும் அங்கே பாங் என்றுதான் அழைப்பார்கள். ஆமாம் என்றார் தயக்கத்தோடு.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான் எங்க மாமா அந்த டீசல் வண்டிய வாங்குனாரு. நாந்தான் அத மூணு தடவ இழுத்தேன். ஒங்களால எனக்கு நல்ல வருமானம் பாங்."

செனாவாங் தொழிற்பேட்டையில் வூன் என்ற சீன முதலாளியின், ஊர்ப் பேச்சில் தவுக்கேயின், பட்டறைக்கு அவன் கொண்டுபோய் இறக்கினான். அங்கே ஐரோப்பியக் கார்கள் ஏழெட்டு, வயிறு திறந்த நிலையில் நின்றன. ஆஸ்பத்திரி வார்டு போல இருந்தது. ஆனால் நோயாளிகளை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். வூன் ஐம்பது வயது, ஒல்லி, குரலை உயர்த்தத் தெரியாதவர். ஷாரோம் இறங்கியதும் இறங்காததுமாக, இது சென்சார் கோளாறு, மாற்றினால் போதும் என்று நோயை அறிவித்தார். வூன் தலையை ஆட்டினார். புகை வந்த எஞ்சினைப் பார்த்தார். மறுபடியும் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

வீட்டில் ஷாரோம், ஐநூறு ரிங்கிட்டில் முடிந்துவிடும் என்றார்.

திங்கட்கிழமை வூன் சொன்னது: தண்ணீர் பம்ப் உடைந்து மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. அதற்கு ஆயிரத்து எண்ணூறு. மேற்கொண்டு திறந்து பார்க்க வேண்டும். புதன்கிழமை சொன்னது: எஞ்சினின் தலைப்பகுதி சூட்டில் அப்பளமாக வளைந்திருக்கிறது. அதற்குத் தனியாக. வெள்ளிக்கிழமை சொன்னது: தலையோடு நிற்கவில்லை, அடிப்பகுதியும் விரிசல் விட்டுவிட்டது, சரிசெய்வதில் அர்த்தமில்லை. இங்கிலாந்தில் யாரோ மோதி உடைத்த காரிலிருந்து கழற்றி, கண்டெய்னரில் வந்த எஞ்சின் ஒன்று கிள்ளானில் இருக்கிறது. அதை வாங்கிப் பொருத்த, கூலியோடு சேர்த்துப் பதின்மூவாயிரத்து அறுநூறு.

ஷாரோம் இந்தச் செய்திகளை வீட்டில் பாதிப் பாதியாக வெளியிட்டார். ஐநூறு ஆயிரத்து இருநூறானது. அது மூவாயிரமானது. சபாரியா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அது என்ன பாங், கர்ப்பமா? நாளுக்கு நாள் வளருது?"

அவருடைய மாத ஓய்வூதியம் இரண்டாயிரத்துச் சொச்சம். ஓய்வுப் பணம் முழுக்கக் காராகி, செனாவாங்கில் வயிறு திறந்து நின்றது. இருக்கிறபடியே விற்றுவிடலாமென்று பழைய கார் வியாபாரி ஒருவனை அழைத்தார். அவன் காரை ஒரு சுற்றுச் சுற்றி, கதவை ஒருமுறை சாத்திப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டி, எட்டாயிரம் என்றான். அது கதவுகளுக்கான விலை போலிருக்கிறது. இணையத்தில் இதே கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, தன் கதையை நண்பனுடைய கதையாக எழுதிப் போட்டார். நூற்றுப் பதினேழு பேர் பதில் எழுதினார்கள். அதில் நூறு பேர் உங்கள் நண்பன் முட்டாள் என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள்.

கடைசியில் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள். வாரண்டி பத்தொன்பது நாளில்தானே தவறியிருக்கிறது. இதுபோன்ற சமயங்களில் கம்பெனி நல்லெண்ண அடிப்படையில் செலவில் பாதிக்கு மேல் ஏற்பதுண்டு என்றாள். ஷாரோமுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி அறையும் அந்த மிட்டாய்க் கிண்ணமும் அவருடைய நினைவில் முதல்முறையாக அழகாகத் தெரிந்தன. ஒரே ஒரு விஷயம், என்றாள் அவள். வாரண்டிக் காலத்தில் இந்தக் கோளாறுக்கு ஏதாவது அறிகுறி இருந்ததா? இல்லவே இல்லை, திடீரென்று நடந்தது என்றார். அப்படியானால் காரின் கணினிப் பதிவை எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி வாழ்த்துக் கூறி வைத்தாள்.

கணினிப் பதிவு என்றால் என்ன என்று யோசிக்க ஷாரோமுக்கு நேரமில்லை. கம்பெனியே காசு கொடுக்கப் போகிறது என்று வீட்டில் அறிவித்துவிட்டார். மூவாயிரம் என்று சொல்லியிருந்தது உண்மையில் பதின்மூவாயிரத்து அறுநூறு என்பதையும் அந்த உற்சாகத்திலேயே சேர்த்துச் சொன்னார். அதில் பெரும்பகுதி இனி கம்பெனி தலையில்தானே. சபாரியா கை கழுவிவிட்டு, நானும் வருகிறேன் என்றாள்.

வாஹிட்டின் சின்னக் காரை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் செனாவாங் போனார்கள். வூன் ஒரு கருவியைக் காரில் செருகி, திரையில் வருகிறதைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டே போனார். பிறகு திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது வண்டியோட ஞாபகம். எப்ப என்ன ஆச்சுன்னு தேதியோட எழுதி வச்சிருக்கும். தண்ணி கொறஞ்சது மொதல்ல ஜனவரி பதினொண்ணு. அதுக்கப்புறம் நாப்பத்திரெண்டு தடவ சொல்லியிருக்கு. பிப்ரவரி பதினாலு, எஞ்சின் ரொம்பச் சூடு. எங்கன்னு தெரியல. கிலோமீட்டரப் பாத்தா பஹாவ் பக்கமா இருக்கும்."

சபாரியா கணவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். பள்ளிக்கூட சிற்றுண்டிச்சாலையைக் குத்தகை எடுத்து இருபது வருஷம் நடத்தியவள். தேதியும் கணக்கும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்ப வாரண்டி இருந்துச்சா தவுக்கே?"

"இருந்துச்சு காக். அப்பவே போயிருந்தா பம்ப மாத்திக் குடுத்திருப்பாங்க. ஒரு காசு ஆகியிருக்காது."

வூன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவராகக் கேட்டார்.

"வெளக்கு மேல டேப்பு ஒட்டியிருந்திச்சு. அழகா வெட்டி ஒட்டியிருந்தாங்க. நீங்க வாங்கறதுக்கு முன்னாடி இருந்த ஓனரா?"

ஷாரோம் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப இருக்கற ஓனர்தான்" என்றாள் சபாரியா.

பதிவை அச்செடுத்துத் தரவா என்று வூன் கேட்டார். வேண்டாம் என்றார் ஷாரோம். அவர் அந்தப் பட்டறையில் தாமாகச் சொன்ன சரியான வாக்கியம் அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் சபாரியா ஓட்டினாள். அவர் ஓட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தார். கேள்வி வராததால் அவை ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. உண்மையில் அவருக்கு வலித்தது பணம் அல்ல. இரண்டு மாதம் தினமும் காலையில் பாட்டிலோடு ஒளிந்து போனது. வழியெல்லாம் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது. ஒருவரிடம்கூடச் சொல்ல முடியாமல் இருந்தது. சொல்லியிருக்கலாம். யாரிடம்? ஊருக்கே வைத்தியம் சொல்கிறவர் தன் வயிற்றுவலிக்கு எந்த டாக்டரிடம் போவார்?

டீக்கடை ஒன்றின் முன்னால் காரை ஓரம் கட்டினாள் சபாரியா.

"டுரியான் பணம் இருக்கு. நான் குடுக்கறேன்."

அவர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"வண்டிய எம் பேருக்கு மாத்து."

முப்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் ஷாரோமின் குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை.

"வீடு ஒம் பேருல. தோட்டம் ஒம் பேருல. எம் பேருல இருந்தது இது ஒண்ணுதான் சபாரியா."

"அது ஒண்ணுதான் கெட்டுப்போச்சு" என்றாள் அவள். பிறகு, கோபமில்லாமலேயே, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றார்.

சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றப் படிவத்தை அவரே நிரப்பினார். கவுண்டரில் இருந்த இளம்பெண், இவ்வளவு சுத்தமாக யாரும் படிவம் நிரப்பிக் கொண்டுவந்ததில்லை என்று வியந்தாள். கைமாற்றத்துக்குக் காரணம் என்ன, விற்பனையா என்று கேட்டாள். நில அலுவலகத்தில் கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரங்களில் போடுகிற வாசகம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான முறை அவரே எழுதியது. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"அன்பின் பேரில்" என்றார்.

அந்தப் பெண் உருகிப்போனாள். பக்கத்துக் கவுண்டர்க்காரியைக் கூப்பிட்டு, இந்த மாமா மனைவிக்குக் காரே பரிசாகக் கொடுக்கிறார், பார் என்று காட்டினாள். சபாரியா அடக்கமாகச் சிரித்து வைத்தாள்.

இங்கிலாந்து எஞ்சின் ஏப்ரல் கடைசியில் ஏறியது. அதற்கு வூன் ஆறு மாத உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். சபாரியா அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஆயிரம் கிலோமீட்டரில் காட்டு என்று சொன்னால் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் போய் நின்றாள். சர்வீஸுக்குப் போனால் வேலை செய்கிறவர்களை முறைப்பதில்லை. அவர்களுக்கு வாழைப்பழ அப்பம் கொண்டுபோவாள். ஏதாவது புதுச் சத்தம் கேட்டால் அதை அப்படியே வாயால் செய்து காட்டுவாள். வூன் ஒருமுறை சிரித்ததைப் பார்த்ததாகப் பட்டறை ஆட்கள் சொன்னார்கள்.

டுரியான் பருவம் வந்ததும் முத்து வெள்ளைக் காரின் பின்னிருக்கையில் பழைய பாயை விரித்து, கூடை கூடையாகப் பழத்தை ஏற்றினாள். தோல் இருக்கை கிழியும், வாசனை ஆறு மாதம் போகாது என்று ஷாரோம் வாசலில் நின்று எச்சரித்தார். உரிமையாளரிடம் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். சந்தை நாட்களில் முன்னிருக்கையில் காக் லோங் உட்கார்ந்துகொள்வாள். ஷாரோமும் வருவதென்றால் டுரியானோடு பின்னால்தான். முள் குத்தாமல் உட்கார ஒரு கோணம் இருப்பதை மூன்றாவது வாரம் கண்டுபிடித்தார். அந்தக் கோணத்தில் உட்கார்ந்தபடியே, பெட்ரோல் போட்டால் தன் பணமில்லை, சத்தம் வந்தால் தன் கவலையில்லை என்பது உறைத்து, ஒருநாள் பஹாவ் போகும் வழி முழுக்கத் தூங்கினார். கார் வாங்கிய நாளிலிருந்து அதில் அவர் நிம்மதியாகப் போன பயணம் அதுதான். இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

காப்பிக்கடைப் பேராசிரியர் பதவி என்னவாயிற்று என்றால், ஒரு மாத விடுப்புக்குப் பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. பாடம் மட்டும் மாறியது. ஐரோப்பியக் கார் எஞ்சினைப் பற்றித் தெரிந்த ஆள் இந்த மாநிலத்திலேயே ஒருவன்தான், அவனைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான் என்று ஆரம்பித்தார். சிறு தொல்லை என்று யார் வாயைத் திறந்தாலும் செனாவாங்குக்கு அனுப்பினார். வெறுமனே அனுப்பவில்லை, நோயையும் தானே கண்டறிந்து, ஒரு தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

ஜூலையில் ஒரு மதியம் வூன் சபாரியாவுக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். ஆனாலும் அன்று வானிலை, டுரியான் விலை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"காக், ஒரு ஒதவி. ஒங்க வீட்டுக்காரரு ஆளுங்கள அனுப்பறாரு. நல்லது. ஆனா சீட்டு எழுதி அனுப்பறாரு. எல்லாச் சீட்டுலயும் சென்சாருன்னுதான் இருக்கு. நேத்து வந்தவருக்கு டயர் பஞ்சர். அவரும் சென்சார மாத்தாம போமாட்டேங்கறாரு."

சொல்கிறேன் என்றாள் சபாரியா. போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஷாரோம் மரநிழலில் நாற்காலி போட்டு, மடியில் அட்டை வைத்து, எதிரே நின்ற பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்காக எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் உள்ளே போய் வூனுக்குத் திரும்பவும் போன் செய்து, அந்தச் சீட்டுகளையெல்லாம் மரியாதையாக வாங்கி ஒரு ஆணியில் குத்தி வைத்துவிட்டு தம் வேலையைத் தாம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள்.